பந்து ஒன்றுதான்

கூடைப்பந்துப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படிச் சுற்றினாலும் ஓரிடத்தில் வந்து நிற்கும்: வில்ட் சேம்பர்லினும் ஷகீல் ஓ'நீலும் மோதினால் யார் ஜெயிப்பார்? எங்கள் வட்டத்தில் அந்தச் சண்டையையே ஒரு விளையாட்டாக்கிவிட்டோம். அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏயில் ஆடி ஓய்ந்தவர்களிலிருந்து ஆளுக்கு எட்டுப் பேரை முறை வைத்து எடுப்போம்; அதுதான் டிராஃப்ட். முதல் சுற்றில் கடைசியாக எடுத்தவருக்கு இரண்டாம் சுற்றில் முதல் வாய்ப்பு. ஒருவர் எடுத்த ஆளை மற்றவர் தொடக்கூடாது. எடுத்த ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சீசனைக் குறிக்க வேண்டும். அந்த சீசனில் அவர் எப்படி ஆடினாரோ அப்படித்தான் இங்கேயும் ஆடுவார். பிறகு இரண்டிரண்டு அணிகளாக மோதவிடுவோம். மோதல் காகிதத்தில்தான். யார் வென்றார் என்பதை நடுவர் சொல்வார். சொன்னால் மட்டும் போதாது, அரைப் பக்கத்துக்குக் காரணம் எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

அணி கட்ட எல்லோருக்கும் ஆசை. தீர்ப்பு எழுத ஆள் கிடைப்பதில்லை. எழுதினால் பாதிப் பேருக்குப் பகையாளி. நான் அந்த வேலையை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். கல்லூரி ஆட்டங்களில் நெடுங்காலம் விசில் ஊதியவர். நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். பழைய ஆட்டங்களின் வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பார். காது திறந்திருந்தால் கண் வேலை செய்யாது என்பது அவர் கட்சி.

அவர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, பெயர்களைக் கையால் மறைத்துக்கொண்டு ஆண்டுகளை மட்டும் வாசிப்பது. "ஆள் யாருன்னு அப்புறம் பாருங்க தம்பி. எந்த வருஷத்து ஆளுன்னு முதல்ல சொல்லுங்க."

1961-62 என்று ஒரு தாளில் இருந்தால், அநேகமாக அது சேம்பர்லின். அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 பாயின்ட், 25.7 ரீபவுண்ட். ஆட்டமே 48 நிமிடம்தான். ஓவர்டைமும் சேர்ந்து அவர் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். இந்த எண்களைப் பார்த்தவுடன் பேனாவை மூடிவிடத் தோன்றும். சார் பென்சிலை நீட்டுவார். அந்த ஆண்டு ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக 107க்கும் மேற்பட்ட ஷாட் எடுத்தது; உள்ளே போனது நூற்றுக்கு 43கூட இல்லை. 2003-04ல் ஓர் அணி எடுத்தது சுமார் 80 ஷாட். ஷாட் தவறினால்தானே ரீபவுண்ட்? 1961-62ல் இரண்டு அணியும் சேர்ந்து ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ 140 ரீபவுண்ட் பிடித்தார்கள். அதில் 25.7 என்பது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வரும். முப்பது ஆண்டு தள்ளி, 1991-92ல் டென்னிஸ் ராட்மன் பிடித்தது 18.7. அப்போது இரண்டு அணிக்கும் சேர்த்தே 90ஐத் தொடாது. அதுவும் ஐந்தில் ஒன்றுதான், சற்றுக் கூடுதலாகவே. ராட்மன் அதை 40 நிமிடத்தில் செய்தார்.

ஆக ராட்மன்தான் பெரியவரா? அப்படி எழுதினால் சார் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ராட்மனுக்கு வேறு வேலை இல்லை. சேம்பர்லின் 50 பாயின்ட்டையும் போட்டுக்கொண்டு அதைப் பிடித்தார். கணக்கு செய்வது ஒன்றைத்தான்: அந்த எண்ணில் காலம் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். பிறகு நாம்தான் யோசிக்க வேண்டும்.

எண் இருக்கிற இடத்தைவிட எண் இல்லாத இடம் எனக்குப் பிடித்துப்போனது. என்பிஏயில் பிளாக்கையும் ஸ்டீலையும் குறித்து வைக்கத் தொடங்கியது 1973-74ல். டர்ன்ஓவர் 1977-78ல். சேம்பர்லின் 1973ல் ஓய்வு பெற்றார். எத்தனை ஷாட்டைத் தட்டினார் என்பதற்குப் பதிவே இல்லை. பில் ரசலுக்கும் அப்படித்தான். அந்தக் கட்டம் காலியாக இருப்பதால் அணி கட்டுகிறவர்கள் ரசலைத் தாழ்வாக மதிப்பிடுவார்கள்: பாயின்ட் குறைவு, ஷாட் 100க்கு 44, ஃப்ரீ த்ரோ 56. நடுவர் அங்கே வேறு வழியாகப் போக வேண்டும். ரசல் ஆடிய 13 சீசனில் பாஸ்டன் செல்டிக்ஸ் வென்றது 11 பட்டம். 1969ல் அவர் போனார். அடுத்த சீசனில் அதே செல்டிக்ஸ் 34 வெற்றி, 48 தோல்வி, பிளேஆஃபிலேயே இல்லை. ஒருவர் எழுந்து போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் ஒரு புள்ளிவிவரம்தான். ஜெர்ரி வெஸ்ட் விஷயத்தில் சின்ன அதிர்ஷ்டம்: ஸ்டீல் எண்ணத் தொடங்கிய ஆண்டு அவருடைய கடைசி சீசன். வயது 35, காயத்தோடு 31 ஆட்டம்தான். ஆனாலும் ஆட்டத்துக்கு 2.6 ஸ்டீல். இருபத்தாறு வயதில் எத்தனை பிடுங்கியிருப்பார் என்று அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஊகிக்கலாம்.

ஊகம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் எனக்கும் சாருக்கும் ஒத்துவராது. த்ரீ பாயின்ட் கோடு என்பிஏவுக்கு வந்தது 1979-80ல். அதற்கு முந்தையவர்களுக்கு அந்த ஷாட்டைக் கொடுக்கலாமா? சார் கண்டிப்பு: கோர்ட்டில் காட்டாததைத் தாளில் கொடுக்கக் கூடாது. நான் ப்ரூக் லோபஸை எடுத்துக் காட்டுவேன். முதல் எட்டு சீசனில் அவர் எடுத்த த்ரீ பாயின்டர் மொத்தம் 31, போட்டது 3. ஒன்பதாவது சீசனில் எடுத்தது 387, போட்டது 134. ஆள் அதே ஆள்தான்; எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார். பீட் மராவிச் கல்லூரியில் அந்தக் கோடே இல்லாமல் சராசரி 44.2 பாயின்ட் போட்டவர். கோடு வந்தபோது முழங்கால் தேய்ந்து கடைசி சீசனில் நின்றுகொண்டிருந்தார். எடுத்த 15 த்ரீயில் 10 போனது. இவர்களுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது?

"அப்போ ரசலுக்கும் கொடுப்பீங்களா?" என்பார் சார்.

கொடுக்க மாட்டேன். கை சுத்தமா என்பதற்கு ஃப்ரீ த்ரோவைச் சாட்சியாக வைத்துக்கொள்வோம் என்று கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். யாரும் மறிக்காத ஷாட். அன்றும் 15 அடி, இன்றும் 15 அடி. வெஸ்ட் 81 சதவீதம், அவருக்கு அந்த த்ரீயில் பாதி மதிப்பு உண்டு. ஆனால் இந்தச் சாட்சியும் பொய் சொல்லும். புரூஸ் பவன் 2002-03ல் த்ரீ பாயின்டரில் 44.1 சதவீதம், லீகிலேயே முதலிடம். அதே சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ 40.4! மூலையில் நின்று மூன்று போடுகிறவர், நேரே நின்று ஒன்று போடத் திணறியிருக்கிறார். சார் அந்தச் சமரசத்தைப் பெரிதாகப் பேசும்போதெல்லாம் நான் பவனை நினைவுபடுத்துவேன்.

எந்த ஆண்டுச் சட்டத்தில் ஆடுகிறார்கள் என்பதை டிராஃப்டுக்கு முன்பே அறிவித்துவிடுவோம். வளையத்தடிக் கட்டம், நெடிய ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் குறைக்க, 1951ல் 6 அடியிலிருந்து 12 அடியானது; 1964ல் 16 ஆனது. இதெல்லாம் பழைய கதை. தீர்ப்பைப் புரட்டிப் போடுவது 2001ம் 2004ம்தான். 2001 வரை ஜோன் தடுப்புக்கு, அதாவது ஆளை விட்டுவிட்டு இடத்தை மறிப்பதற்கு, என்பிஏயில் இடமில்லை. ஷாட் தெரியாத ஒருவர் கோர்ட்டின் அந்தக் கோடியில் போய் நின்றாலும், அவருடைய ஆள் அவரை அம்போ என்று விட்டுவிட்டு வளையத்தடியில் குடியிருக்க முடியாது. இப்போது முடியும், மூன்று நொடிக்கு ஒருமுறை வெளியே வந்து போனால் போதும். அதனால் ராட்மன் 1990ல் அணிக்குச் செய்கிற கெடுதல் வேறு, இன்று செய்கிற கெடுதல் வேறு. 2004க்குப் பிறகு, பந்து வைத்திருப்பவர் இடுப்பில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே வரும் வித்தையையும் இறுக்கிவிட்டார்கள். தடுப்பாட்டத்துக்குப் பேர்போன சிட்னி மான்கிரீஃபின் பாதிச் சம்பாத்தியம் அந்தக் கையில்தான் இருந்தது.

இவ்வளவும் அளவுகோல்தான். தொழிலின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்து பேர் ஆடுகிறார்கள், பந்து ஒன்று.

இதற்குக் கற்பனையே வேண்டாம், நிஜத்தில் நடந்திருக்கிறது என்று சார் எடுத்து வைப்பது லேக்கர்ஸ் கதை. 1968ல் ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பேய்லர் இருந்த அணிக்கு சேம்பர்லினும் வந்து சேர்ந்தார். எங்கள் டிராஃப்டில் எவனாவது இந்த மூவரையும் எடுத்தால் மற்றவர்கள் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். நிஜத்தில் என்ன ஆனது? பேய்லர் வளையத்தை நோக்கி வெட்டிக்கொண்டு வரும் இடத்தில் சேம்பர்லின் நின்றுகொண்டிருந்தார். சேம்பர்லினுக்கும் கோச்சுக்கும் பேச்சு சரியில்லை. 1969 இறுதிப் போட்டியில், ரசலின் கடைசி ஆண்டில், வயதான செல்டிக்ஸ் ஏழாவது ஆட்டத்தில் 108-106 என்று வென்றது. வெற்றி விழாவுக்காக லேக்கர்ஸ் முதலாளி அரங்கக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார். அவை அங்கேயே தொங்கின. முட்டியில் அடிபட்டு வெளியே போன சேம்பர்லின், திரும்பி வரத் தயார் என்று சொல்லியும் கோச் சேர்த்துக்கொள்ளவில்லை. தோற்ற அணியிலிருந்து இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராக வெஸ்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்படி நடந்ததில்லை.

மீதிக் கதை 1971-72ல். சீசன் தொடங்கி ஒன்பது ஆட்டத்தோடு பேய்லர் ஓய்வை அறிவித்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டம் வென்றது. சீசன் முடிவில் 69-13, கையில் பட்டம். பத்தாண்டுக்கு முன் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 40 ஷாட் எடுத்த சேம்பர்லின், புதிய கோச் பில் ஷார்மன் சொன்னபடி 9 ஷாட்டோடு நிறுத்திக்கொண்டு, பந்தைப் பிடித்து முன்னால் ஓடுபவர்களுக்கு வீசினார். சராசரி 14.8 பாயின்ட். பேய்லர் போனதால்தான் வென்றார்கள் என்று சார் அடித்துச் சொல்வார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை. பேய்லரின் முழங்கால்கள் அதற்கு முன்பே போய்விட்டிருந்தன, ஷார்மன் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனாலும், எங்கள் விளையாட்டில் சேம்பர்லினுக்கு எந்த சீசனைக் குறித்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே அணி கட்டியவரின் தரம் தெரிந்துவிடும். 1962ஐக் குறித்து, பக்கத்தில் மூன்று ஸ்கோரரை நிறுத்தினால், அது ஐந்து நாதஸ்வரத்தை உட்காரவைத்துவிட்டுத் தவிலைத் தேடுகிற கோஷ்டி. 24.1 பாயின்ட்டும் 7.8 அசிஸ்ட்டுமாக ஃபிலடெல்ஃபியாவைச் சாம்பியனாக்கிய 1967 சேம்பர்லின் இருக்கிறார். 1972 சேம்பர்லின் இருக்கிறார். அவர்களைக் குறிக்க மனது வர வேண்டும்.

எழுதும் முறைக்கு சார் வைத்த சட்டம் ஒன்றுதான்: தோற்கப்போகிறவரின் பலமான வாதத்தை முதலில் எழுத வேண்டும். அதை எழுதவே முடியவில்லையென்றால் ஆட்டத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தமாம்.

சார் இல்லாமல் நானே எழுதி வாசித்த ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். சட்டம் 1985-86. ஒரு பக்கம் ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62, மராவிச் 1976-77, டாமினிக் வில்கின்ஸ் 1985-86, பாப் மெக்கடூ 1974-75, நடுவில் ஆர்டிஸ் கில்மோர். முதல் நால்வரின் சராசரியை மட்டும் கூட்டினாலே 126 பாயின்ட்டுக்கு மேல். இன்னொரு பக்கம் டென்னிஸ் ஜான்சன் 1978-79, மான்கிரீஃப் 1982-83, பாபி ஜோன்ஸ் 1982-83, கெவின் மெக்ஹேல் 1986-87, பில் வால்டன் 1976-77. ஐவரையும் கூட்டினால் 92 சொச்சம்.

முதல் அணிக்குரிய பலமான வாதம் மெக்கடூ. 18 அடியிலிருந்து போடக்கூடிய நெடிய ஆள். மெக்ஹேலை வளையத்தை விட்டு வெளியே இழுத்துவிடுவார். இதை முதலில் எழுதினேன். பிறகு யார் யாரை மறிப்பது என்று போனேன். மான்கிரீஃபின் கை மராவிச் இடுப்பில். அந்த ஆண்டு அதற்கு அனுமதி உண்டு. ஜோன்ஸுக்கு வில்கின்ஸ். மறுமுனையில் மெக்ஹேல் மெக்கடூவை முதுகில் வைத்துக்கொண்டு பந்து கேட்பார். 100க்கு 60 போட்ட சீசன் அது. இரண்டு பேர் சேர்ந்து மறிக்க வந்தால் வால்டன் கையில் பந்து இருக்கிறது, காலியாக நிற்பவனை அவர் பார்க்காமல் விட்டதில்லை. ஜோன் கிடையாது, வளையத்தடியை அடைக்க முடியாது. இவ்வளவுக்கும் பிறகும் முதல் அணி தப்பியிருக்கலாம், ராபர்ட்சன் தன் ஷாட்டை விட்டுக்கொடுத்திருந்தால். விட்டுக்கொடுக்கத் தெரிந்தவர்தான், 1970-71ல் மில்வாக்கியில் கரீம் அப்துல்-ஜபார் பக்கத்தில் 19.4 பாயின்ட்டோடு நின்று பட்டம் வாங்கியிருக்கிறார். ஆனால் தாளில் இருந்தது 30.8 பாயின்ட் ராபர்ட்சன். வெற்றி இரண்டாவது அணிக்கு என்று வாசித்தேன்.

பிறகு தாளைப் பார்த்த சார், சட்டத்தை இன்றைக்கு மாற்றினால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். ஜான்சனையும் ஜோன்ஸையும் தூரத்திலிருந்து போடவிட்டுவிட்டு எல்லோரும் உள்ளே நின்றுகொள்வார்கள், மான்கிரீஃபின் கைக்கும் வேலை இருக்காது, முதல் அணிதான் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, வால்டன் பந்தை விடும் வேகத்தில் ஜோன் உடையும் என்றார். அது இன்னும் முடியாத வழக்கு. தோற்ற அணியைக் கட்டியவருக்கோ ஜோனும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். "30.8ஐ விட்டுட்டு 19.4ஐ எடுக்க எவனுக்குங்க மனசு வரும்?" என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.