நங்கூரமிட்ட ஒரு பகல்

எங்கள் ஊருக்குக் கடல் கிடையாது. செஞ்சிக்கு அருகில் உள்ள அனந்தபுரத்தில் பிறந்தவர்களுக்கு வாய்த்ததெல்லாம் பாறையும் புளியமரமும் மல்லாட்டைக் கொல்லையும்தான். ஏரி நிரம்பும் ஆண்டில் லாரி ட்யூபில் மிதந்ததே எங்களுடைய கடற்பயண அனுபவம். ஆகவே, உடன்பிறந்தோர் மூவரும் 2025 மாசி மகத்துக்கு மறுநாள் அரிக்கமேட்டின் அருகே ஒரு ஃபைபர் படகில் பகல் முழுவதும் சும்மா இருந்தோம் என்றால், ஊரில் எவரும் எளிதில் நம்பவில்லை.

சும்மா இருப்பதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது.

எங்கள் தந்தையார் ஆண்டுதோறும் மாசி மகத்துக்குப் புதுச்சேரி செல்வார். செஞ்சி ரங்கநாதர் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு எழுந்தருளுவது வழக்கம். மயிலம் முருகனும் வருவார். சாமி பார்த்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களைத் தொட்டுப் பார்ப்பார். 1750இல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்த தூண்கள் அவை. "நம்ம ஊருக் கல்லு, இங்க வந்து கடல் பாக்குது பாரு" என்பார். பிறகு, "கல்லு வந்துடுச்சு. ஆறு எங்க வந்து சேருதுன்னு ஒரு நாள் பாக்கணும்" என்பார். அந்த ஒரு நாள் அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் சொன்ன ஆறு செஞ்சியாறு. சங்கராபரணி என்றும் வராகநதி என்றும் அதற்குப் பெயர்கள் உண்டு. செஞ்சி மலைகளில் பிறந்து, வீடூரில் தொண்டியாற்றோடு கூடி, 1959இல் கட்டிய அணையில் தேங்கி, வில்லியனூர் வழியாகக் கடலை நெருங்கும்போது அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு எனப் பிரிகிறது. இதெல்லாம் வரைபடத்தில். நாங்கள் அறிந்த ஆறு வெறும் மணல். ஊற்றுத் தோண்டினால் ஒரு குடம் நீர் கொடுக்கும் மணல்.

2024 சித்திரையில் தந்தையார் மறைந்தார். அஸ்தியைப் புதுச்சேரிக் கடலில் கரைக்க வேண்டும் என்றாள் தங்கை. அண்ணன்மாருக்கோ விடுப்பு மூன்றே நாள். செஞ்சியாற்று மணலில் முழங்கால் ஆழம் தோண்டி, ஊறிய கலங்கல் நீரில் கரைத்தோம். கரைத்தோம் என்று சொல்வது மரியாதைக்காக. மணலைப் போட்டு மூடினோம் என்பதே உண்மை. "அப்பாவ ஆத்துல விடலண்ணே, பொதைச்சிட்டு வந்துட்டோம்" என்றாள். அதன்பின் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. தொலைபேசியில் நலம் விசாரிப்போம். அதற்குமேல் ஒரு சொல் நீளாது.

அவ்வாண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. செஞ்சியாறு கரை கொள்ளாமல் ஓடியது; வீடூர் அணை திறக்கப்பட்டது; புதுச்சேரியின் ஆற்றோரக் கிராமங்களில் நீர் புகுந்தது. எத்தனையோ குடும்பங்கள் வீடும் பயிரும் இழந்த வெள்ளம் அது. அதைக் கண்டு மகிழ்ந்தோம் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் வெள்ளம் வடிந்தபின் நாங்கள் தோண்டிய இடம் அங்கில்லை. மேல்மணல் முழுவதும் போய்விட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த தங்கைதான் முதலில் அழைத்தாள்: "இந்த மாசி மகத்துக்குப் போலாமா அண்ணே?"

மகத்துக்கு மறுநாள் கடலுக்குப் போகாத ஒரு மீனவப் பெரியவர் எங்களை ஏற்றிக்கொண்டார். அரிக்கமேட்டின் திருப்பத்தில் எஞ்சினை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். மணி பத்து இருக்கும். கரையில் அலையாத்திப் புதர்கள். அவற்றின் பின்னே தென்னையும் மாவும். இடையே பழைய பிரெஞ்சுக் குருமடத்தின் சிதைந்த செங்கல் தூண்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் இந்த மேட்டில்தான் அகழ்ந்தார். இத்தாலியின் அரெஸ்ஸோ வகை மட்கலங்களும் மது கொணர்ந்த சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. பின்னர் கசாலும், 1989 முதல் விமலா பெக்லியும் தோண்டினார்கள். பருவக்காற்றை நம்பிய அந்நாளில் காத்திருத்தலும் பயணத்தின் ஒரு பகுதிதான். நாங்களும் காத்திருந்தோம், எதற்கென்று தெரியாமல்.

புளிச்சோறும் அவித்த மல்லாட்டையும் கொண்டுபோயிருந்தோம். பெரியவர் ஒரு தூக்கில் மீன் குழம்பு வைத்திருந்தார். உண்டோம். ஒருவர் உறங்கினார். ஒருவர் நீர்க்காகங்களை எண்ணினார். தங்கை ஓட்டைப் பிரித்துப் பருப்பைப் பங்கிட்டுக்கொண்டிருந்தாள், சிறுவயதில் செய்ததுபோல.

படகின் முகம் நிலத்தை, ஆறு வரும் பக்கத்தை நோக்கியே இருந்தது. "நாம ஊரப் பாத்து நிக்கிறோம்" என்றோம்.

பெரியவர் சிரித்தார். "தண்ணி எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கந்தாம்மா மூஞ்சியக் காட்டும். இப்ப வத்தம், ஆத்துத் தண்ணி கடலுக்குப் போவுது. சாயங்காலம் ஏத்தம் வந்தா தானா திரும்பிக்கும். நாம ஒண்ணும் பண்ண வேணாம்."

நாலரை மணிக்கு அதுவே நடந்தது. முதலில் கயிறு தளர்ந்தது. மிதந்து போன ஒரு தென்னம்பாளை நின்றது. சற்று நேரம் எங்கும் போகாமல் கிடந்தது. பிறகு வந்த வழியே திரும்பியது. படகு மெல்ல வட்டமிட்டு முகத்துவாரத்தைப் பார்த்து நின்றது. ஒருவரும் பேசவில்லை. மதியம் வரை எங்களைக் கடந்து கடலுக்குப் போன நீரில் செஞ்சியின் நீர் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. தந்தையார் பார்க்க விரும்பிய இடம் இதுதான் என்று மட்டும் சொல்லலாம்.

பெரியவர் நங்கூரத்தை இழுத்தார். கருஞ்சேறும் கொஞ்சம் மணலும் ஒட்டிவந்தன. தங்கை அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். நீரில் அலசி விட்டாள்.

"அடுத்த வருஷம் வரப்ப லீவு நாலு நாளா போடுங்கண்ணே" என்றாள்.

போடுவதாகச் சொன்னோம்.