பார்வையில் படும் இடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் படிப்பு வட்டம் கூடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிறு காலையில் கறி எடுத்துச் சமைத்து, மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிற பனியன் கம்பெனித் தோழர்கள்தான் பாதிப் பேர். மீதி பள்ளிப் பிள்ளைகள், இரண்டு மூன்று கல்லூரி மாணவர்கள். போன வாரம் ஆங்கில இலக்கணத்தில் ஃபிரேஸ் பாடம். நவுன் ஃபிரேஸ், அட்ஜெக்டிவ் ஃபிரேஸ், அட்வெர்ப் ஃபிரேஸ், பிரிபொசிஷனல் ஃபிரேஸ் என்று பலகையில் எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒரு தம்பி கொட்டாவி விட்டான். பன்னிரண்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள்: “ஏனுங்க்கா, பரீட்சையில ரெண்டு மார்க்குக்கு வரும். அதுக்கு மேல இது எதுக்குங்க்கா?”

அன்றைக்கு அவளுக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம், தோழர்களே.

பவர்டேபிள் டெய்லர் அக்கா ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு லேபிளை எடுத்து மேசையில் போட்டார். அவர் நாள் முழுக்கத் துணியோடு சேர்த்துத் தைக்கிற லேபிள். அதில் மூன்று வரி. ‘100% காட்டன்’. ‘மேட் இன் இந்தியா’. ‘டூ நாட் பிளீச்’. பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது. ஃபிரேஸ் என்பது சேர்ந்து நின்று ஒரே வேலையைச் செய்கிற சொற்களின் கூட்டம். அதற்குள் எழுவாயும் முற்றுவினையும் இருக்காது. இருந்தால் அது கிளாஸ் ஆகிவிடும். முதல் வரி நவுன் ஃபிரேஸ், ஒரு பொருளின் பெயர், அவ்வளவுதான். மூன்றாவது வரி முழு வாக்கியம். கட்டளை என்பதால் ‘நீ’ என்கிற எழுவாய் மறைந்து நிற்கிறது. நடுவில் இருக்கும் வரிதான் வேடிக்கை. ‘மேட்’ என்பது பார்ட்டிசிப்பிள், நம் இலக்கணத்தில் சொன்னால் எச்சம். இந்தியாவில் செய்யப்பட்ட. யாரால் என்று கேட்டால் பதில் சொல்ல அதற்குள் ஆளே இல்லை. “வெளுக்காதேன்னு சொல்ல முழு வாக்கியம் இருக்குது, தெச்சது ஆருன்னு சொல்ல எடமில்லை பாருங்க” என்று அந்த அக்கா சிரித்தார். கொட்டாவி விட்ட தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

நாங்கள் ஃபிரேஸ் கற்றுக்கொண்ட கதை இவ்வளவு சிரிப்பானதில்லை.

ஏழெட்டு வருடம் இருக்கும். எங்கள் தங்கை ஒருவர் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். பீஸில் கறை விட்டுப்போனதாக ஆரம்பித்த வாக்குவாதத்தில் சூப்பர்வைசர் அவருடைய சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்த கூடம். லைனில் நாற்பது பேருக்குக் குறையாது. டீ கொண்டுவந்த பையன், சரக்கு எடுக்க வந்த வெளியாள், ஆர்டர் கொடுத்தவர்கள் அனுப்பிய தரப் பரிசோதகர் எல்லோரும் நின்றிருக்கிறார்கள். அன்று இரவே உட்கார்ந்து புகார் எழுதினோம். அழகான தமிழில், கோபமாக, ‘பொது இடத்தில் வைத்து இழிவுபடுத்தினார்’ என்று எழுதினோம். காவல் நிலையத்தில் படித்துப் பார்த்தவர் நிதானமாகக் கேட்டார்: “கம்பெனி தனியார் எடமாச்சே. பொது இடம்னு எப்படி எழுதுனீங்க? இது பிசிஆர்ல வராது.” (1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் ‘பிசிஆர்’ என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) எங்களிடம் பதில் இல்லை. சமரசம் என்ற பெயரில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். தங்கை அந்தக் கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை.

பிறகுதான் சட்டத்தை ஆங்கிலத்தில் எடுத்துப் படித்தோம். அதில் ‘பப்ளிக் பிளேஸ்’ என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. இருப்பது ‘இன் எனி பிளேஸ் விதின் பப்ளிக் வியூ’. முதலில் 3(1)(எக்ஸ்) என்று இருந்தது, 2015 திருத்தத்துக்குப் பின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) என்று இரண்டாக நிற்கிறது. ஃபிரேஸ் மட்டும் மாறவில்லை.

அதைப் பிரித்துப் பாருங்கள். முழுத் தொடரும் அட்வெர்ப் வேலை செய்கிறது: எங்கே இழிவுபடுத்தினார் என்ற கேள்விக்குப் பதில். அதற்குள் இன்னொரு ஃபிரேஸ்: ‘விதின் பப்ளிக் வியூ’. இது அட்ஜெக்டிவ் வேலை செய்கிறது: எப்படிப்பட்ட இடம் என்ற கேள்விக்குப் பதில். இடம் யாருக்குச் சொந்தம் என்று இந்த ஃபிரேஸ் கேட்கவே இல்லை. இடம் ‘எந்த இடமாகவும்’ இருக்கலாம். பொதுமக்கள் பார்வையில் படுகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. தமிழில் அடை முன்னால் வரும், பெயர் பின்னால் வரும்: ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடம்’. ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்துவிடும், அடை வாலாகத் தொங்கும். நம்மில் பலர் பெயர் வந்ததும் படிப்பதை நிறுத்திவிடுகிறோம். வாலில்தான் சட்டம் இருக்கிறது.

இந்த வாலை உச்ச நீதிமன்றமே விளக்கியிருக்கிறது. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில், புகார் கொடுத்தவர் ஒரு வீட்டு வளாகத்தின் கேட்டருகே நிறுத்தியிருந்த காரின் பக்கத்தில் நின்றபோது இழிவுபடுத்தப்பட்டார். தனியார் இடம்தான். ஆனாலும் பொதுமக்கள் பார்வையில் படும் இடம் என்றது நீதிமன்றம். ‘பொது இடம்’ வேறு, ‘பார்வையில் படும் இடம்’ வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது என்றும் சொன்னது. கட்டடத்துக்கு உள்ளே நடந்தாலும், உறவினரும் நண்பரும் மட்டுமல்லாமல் பொதுமக்களில் சிலர் அங்கே இருந்தால் குற்றம்தான் என்றது.

வாள் மறுபக்கமும் வெட்டும். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வீட்டின் நான்கு சுவருக்குள், வெளியாட்கள் இல்லாதபோது நடந்ததாகச் சொல்லப்பட்டதை இந்த ஃபிரேஸுக்குள் கொண்டுவர முடியாது என்று தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று, கருப்புடையார் வழக்கு. லால்குடியில் வருவாய்த் துறை அலுவலகத்துக்குள் ஊழியர் ஒருவர் சாதி சொல்லித் திட்டப்பட்டதாகப் புகார். அரசு அலுவலகத்தை விடப் பொது இடம் எது? ஆனால் சம்பவம் அறைக்குள் நடந்தது, சக ஊழியர்கள் அதற்குப் பிறகே வந்தார்கள் என்று சொல்லி வழக்கையே ரத்து செய்துவிட்டார்கள். எங்களுக்கு இதில் மனக்கசப்பு உண்டு. சுவர் இருந்தால் இழிவு குறைந்துவிடுமா என்ன? ஆனால் கசப்பு வேறு, புகார் எழுதுவது வேறு. எங்கள் தங்கையின் புகாரில் டீ பையனும் பரிசோதகரும் இல்லவே இல்லை. சம்பவம் நடந்த நேரத்தில் யார் யார் நின்றார்கள், எவ்வளவு தூரத்தில், அவர்களில் யார் உறவுக்காரர் இல்லை என்று ஒரு வரி எழுதவில்லை. ‘பொது இடம்’ என்ற வீரமான ஒரு சொல்லை மட்டும் எழுதியிருந்தோம்.

இன்னொரு ஃபிரேஸ் இதைவிடக் கொடூரம். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்தை நம் மக்கள்மீது செய்தால் ஆயுள் தண்டனை என்கிறது 3(2)(வி) பிரிவு. 1989இல் அங்கே இருந்தது ‘ஆன் தி கிரவுண்ட் தட்’. அதாவது, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்ற காரணத்துக்காகவே செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். யாருடைய மனதைத் திறந்து பார்ப்பது? 2011இல் ஆந்திராவில் பார்வையற்ற தலித் பெண் ஒருவர்மீது நடந்த பாலியல் வன்கொடுமையில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனையை நீக்கியது. அந்த ‘காரணம்’ நிரூபிக்கப்படவில்லையாம். பட்டான் ஜமால் வலி வழக்கு, தேடிப் படியுங்கள். 2016 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தப் பிரிபொசிஷனல் ஃபிரேஸை எடுத்துவிட்டு, ‘நோயிங்’ என்று தொடங்கும் பார்ட்டிசிப்பிளை வைத்தது. ‘தெரிந்தே’. நம் வினையெச்சம். இப்போது சாதி தெரிந்திருந்தால் போதும். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 8ஆம் பிரிவிலும் சேர்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது திருத்தத்துக்கு முன்பு. அதனால் அவருக்குப் பழைய ஃபிரேஸ்தான்.

அரசியலமைப்பின் 17ஆம் பிரிவிலும் ஒன்று உண்டு: ‘இன் எனி ஃபார்ம்’. எந்த வடிவத்திலும். இரட்டைக் குவளை இன்று வீட்டுக் குவளையும் காகிதக் கப்புமாக மாறியிருக்கிற ஊர்களில் அந்த மூன்று சொல்லுக்கு வேலை இருக்கிறது.

இவ்வளவையும் அந்தத் தங்கையிடம் சொல்லிவிட்டு, நான்காம் பிரிவைப் படிக்கக் கொடுத்தோம். அரசு ஊழியரின் கடமைகள் அங்கே இன்ஃபினிட்டிவ் ஃபிரேஸ்களாக வரிசையாக வருகின்றன: வாய்மொழிப் புகாரை எழுதியபின் கையெழுத்து வாங்குவதற்கு முன் படித்துக்காட்டுவது, வழக்குப் பதிவது, நகல் தருவது. பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இவற்றைச் செய்யாவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை சிறை. அவள் ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அன்னைக்கு ஸ்டேஷன்ல அந்தத் தாளைப் படிச்சுக் காட்டுனாங்களாங்க்கா?”

காட்டவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பழைய புகாரின் நகலைத் தேடி எடுத்துவருவதாக, இப்போது வேறு கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் எங்கள் தங்கை சொல்லியிருக்கிறார். ‘பொது இடத்தில்’ என்பதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் அவள் புதிதாக எழுதிக்காட்ட வேண்டும். அதுதான் வீட்டுப்பாடம்.