பன்னிரண்டு மீட்டர்

தமிழில் விமர்சனம் எழுதுகிற எவனும் 'ஆழம்' என்ற சொல் இல்லாமல் ஒரு பக்கத்தைத் தாண்டுவதில்லை. நான் இதுவரை எழுதிய மதிப்புரைகளைச் சென்ற மாதம் ஒருசேரப் படித்துப் பார்த்தேன். 11 கட்டுரைகள், அந்தச் சொல் 26 இடங்களில். கவிதை ஆழமாக இருக்கிறது, ஆழமில்லாமல் இருக்கிறது, ஆழத்தை நோக்கி நகர்கிறது, ஆழம் போலப் பாவனை செய்கிறது. மேற்பரப்பில் சலனம், அடியில் மௌனம் என்று வேறு இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். வங்கிக் கவுண்டரில் ஒரு கட்டு நோட்டை இரண்டு முறை எண்ணாமல் வெளியே தள்ளாத ஆள் நான்.

2019 ஜனவரியில் எல்.எப்.சி.யில் அந்தமான் போனோம். ஸ்கூபா முக்குளிப்பு என் மனைவியின் ஆசை. பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறாள். பவளப் பாறையைப் புத்தகத்துப் படத்தில் காட்டிக் காட்டி அலுத்துவிட்டதாம். எனக்கு நீச்சல் தெரியாது. அது தடையில்லை, புதியவர்களை ஆசிரியர் கூடவே பிடித்துக்கொண்டு போவார், 12 மீட்டருக்குக் கீழே இறக்க மாட்டார்கள் என்றார்கள். ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நான். மே நடுவில் தென்மேற்குப் பருவம் தொடங்கும், அது போனால் வடகிழக்கு. புது வருஷம் பிறந்த பிறகுதான் அந்தக் கடல் தெளியும் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

3ஆம் தேதி ஹேவ்லாக்கில் இறங்கினோம். நான்கு நாள் முன்புதான், டிசம்பர் 30 அன்று, அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பலகைகளுக்கு இன்னும் தகவல் எட்டவில்லை. (போர்ட் பிளேரின் பெயரும் 2024இல் மாறிவிட்டது. பெயர்களைப் பின்தொடர்வது என் வேலையல்ல.)

அன்று புயல் வேறொரு கடலில், தாய்லாந்து வளைகுடாவில் இருந்தது. பெயர் பாபுக். லாவோஸ் நாடு கொடுத்த பெயர். மீகாங் நதியில் வாழும் ராட்சதக் கெளுத்தி மீனைக் குறிக்கிறது. மீன் பார்க்கப் போனவர்களுக்கு மீனின் பெயரிலேயே தடை. 4ஆம் தேதி அது தாய்லாந்தில் கரையேறி, அந்தத் தீபகற்பத்தின் ஒடுங்கிய இடுப்பைக் கடந்து, அந்தமான் கடலில் இறங்கியது. ஜனவரியில் அப்படி ஒன்று வருவது அபூர்வம். கப்பல்கள் நின்றன. முக்குளிப்பும் நின்றது.

எங்களுக்குப் பாடம் சொன்ன பையனுக்கு 25 வயது இருக்கும். கரேன் இனத்தவன், 1925 வாக்கில் பர்மாவிலிருந்து மத்திய அந்தமானில் வந்து குடியேறியவர்களின் வழி. அந்தத் தீவுகளில் முக்குளிப்புத் தொழிலில் அவர்கள் நிறையப் பேர். மூக்கைப் பிடித்துக் காதுக்குள் காற்றை ஊதுவது, பத்து மீட்டரில் நீரின் அழுத்தமும் சேர்ந்து உடம்பின் மேல் இரண்டு மடங்கு ஆவது எல்லாம் சொன்னான். புயல் மேலேதானே, 12 மீட்டர் கீழே இறங்கிவிட்டால் அமைதியாக இருக்காதா என்று கேட்டேன். கேள்வி நன்றாக இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

அவன் மணலில் ஒரு அலையை வரைந்தான். ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை எவ்வளவு தூரமோ, அதில் பாதி ஆழம் வரை தண்ணீர் ஆடும். இங்கேயே அடிக்கிற காற்று எழுப்பும் நான்கு வினாடி அலைக்கு நீளம் சுமார் 25 மீட்டர். அது 12 மீட்டர் வரை இறங்கும். தூரத்துப் புயல் அனுப்புகிற பத்து வினாடி அலைக்கு நீளம் 150 மீட்டருக்கும் மேல். அது 75 மீட்டரைத் தாண்டி ஆட்டும். "நீங்கள் போகிற இடம் அலைக்கு அடியில் இல்லை, அலைக்குள்ளேதான் இருக்கிறது" என்றான் இந்தியில். ஆட்டத்தில் அடிமணல் எழும்பும், பார்வை போகும். படகில் திரும்ப ஏறுகையில் ஏணி தலையில் இறங்கும்.

மேற்பரப்பு, அடி என்று நான் வைத்திருந்த கணக்கு எதற்கும் அங்கே இடமில்லை.

5, 6 இரண்டு நாளும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். தென்னைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன. புயல் தீவுகளை நெருங்கும்போது பலம் குறைந்திருந்தது. அவளுக்காக வருத்தப்படுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். கட்டிய பணத்தைப் பற்றிப் பேசினேன். அவள் கடலைப் பார்த்தபடியே, "உங்களுக்கு நிம்மதியா இருக்கு, இல்லீங்களா?" என்றாள். என்ன பேச்சு இது என்றேன். எரிச்சல் நிஜமாகவே வந்தது, கண்டுபிடிக்கப்பட்டவனின் எரிச்சல்.

7ஆம் தேதி காற்று விட்டது. வானம் துடைத்த மாதிரி நீலம். ஆனாலும் பையன் தனியாக இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, கையை ஆட்டினான். பார்வை 2 மீட்டர். மேலே ஓய்ந்த பிறகும் உள்ளே ஓய நேரமாகும் போலிருக்கிறது. எங்களுக்கு 9ஆம் தேதி மதியம் விமானம். முக்குளித்த பிறகு ஒரு நாளாவது போகாமல் விமானம் ஏறக்கூடாது. ஆக, 8ஆம் தேதி காலை ஒன்றுதான் மிச்சம்.

அன்று, இரண்டாம் நம்பர் கடற்கரையிலிருந்து நடந்தே இறங்கலாம், 4 மீட்டர் தெரிகிறது, விருப்பமுள்ளவர்கள் மட்டும் என்றான். ஒரு பாரத்தைக் கொடுத்தார்கள். காதில் கோளாறு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தேன். என் காதில் ஒன்றுமில்லை. தினமும் பிறருடைய கையெழுத்தைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் போட்ட கையெழுத்து அது. அவள் பாரத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியையும் வாட்ச்சையும் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

முப்பத்திரண்டு நிமிஷம். குமிழிகள் கொஞ்ச தூரம் தெரிந்தன, பிறகு அதுவும் இல்லை. செருப்பு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கவிதை வரி கூட நினைவுக்கு வரவில்லை.

வெளியே வந்தவளுக்கு நெற்றியில் முகமூடியின் தடம்.

"ஒண்ணும் தெரியலைங்க. ஒரே கலங்கல். முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருந்தோம். திடீர்னு ஒரு மீன் முகத்துக்கு நேரா வந்துச்சு. அதுவும் ஆடிக்கிட்டுத்தான் இருந்தது. பாறை மட்டும் ஆடலை."

"பயமா இருந்ததா?"

"இருந்தது" என்று சொல்லிக் கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள்.

பையன் நோட்டில் பதிந்தான்: ஆழம் 8 மீட்டர், நேரம் 32 நிமிஷம், பார்வை 4 மீட்டர். இடம் என்ற கட்டத்தில் ஹேவ்லாக் என்றே எழுதினான். இறங்காத எனக்குப் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டேன்.