லேஸ் ஆச்சியின் சங்கக் கணக்கு

திசையன்விளையில் பஸ்ஸை விட்டு இறங்கி "இடையன்குடி" என்றதும், "கால்டுவெல் வீட்டுக்கா சார்?" என்றான் ஆட்டோக்காரத் தம்பி. மெல்பர்ன் போய் வெகுகாலமாகிவிட்டது. பேச்சிலோ செருப்பிலோ வெளியூர் வாடை அடித்திருக்க வேண்டும். கல்லறைத் தோட்டத்துக்கு என்றேன். அங்கே யார் என்று கேட்டான். லேஸ் ஆச்சி என்றதும் முகம் மாறியது. "ஆச்சிக்குச் சொந்தமா? ஏறுங்க அண்ணாச்சி." சார் அண்ணாச்சியானது. வாடகை மட்டும் குறையவில்லை.

வழியெல்லாம் முருங்கைத் தோட்டம், தூரத்தில் காற்றாலை. பனைகள் கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தன. செம்மண் மட்டும் அப்படியே இருந்தது. இறங்கியதும் கால்சட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டது.

ஆச்சி எனக்கு நேர்ச் சொந்தமில்லை. பக்கத்து வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தாள். இரண்டு அறை ஓட்டு வீடு, இடுப்பில் சாவி, வாசலில் லேஸ் தலையணை. வைக்கோல் அடைத்த கெட்டியான உருண்டைத் தலையணை அது. துளைபோட்ட காகிதத்தை அதன்மேல் விரித்து, துளைக்கொரு குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளைச் சோடி சோடியாக மாற்றி மாற்றிப் போடுவாள். டக்டக்கென்று சத்தம் வரும். கண் ஊசியில் இருக்கும், வாய் தெருவில் போகிற ஆளோடு பேசும். வேர்த்த கை பட்டால் வெள்ளை நூல் கறுத்துவிடும் என்று வெயில் ஏறுமுன் உட்கார்ந்து, ஏறியதும் மூடிவைத்துவிடுவாள். ஒரு காலை முழுக்கப் பின்னினால் நாலு விரல் அகலம் நீளும்.

இந்த வேலை ஊருக்கு வந்த வழி சுவையானது. நாகர்கோவில் மிஷனரி மால்ட் தம்பதியின் மகள் எலைசா, 1844ல் இடையன்குடி மிஷனரி கால்டுவெல்லுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். சின்ன வயதிலிருந்தே தமிழ் பேசி வளர்ந்தவர். தாய்வீட்டில் கற்ற லேஸ் பின்னலை இங்குள்ள பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பனையேறிக் குடும்பத்தில் ஆண் ஏறுவான், பெண் பதனீர் காய்ச்சுவாள். கருப்பட்டிக் காசு வியாபாரியிடமும் வீட்டுக்காரனிடமும் போகும். லேஸ் காசு பின்னியவள் முந்தானையில் முடிந்துகொள்கிற காசு. 1856ல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் கால்டுவெல்லை உலகமே அறியும். என் கணக்கில் அம்மாளின் குச்சிதான் பெரிய வேலை. தமிழ்ப் பேராசிரியர்கள் மன்னிக்கட்டும். ஆச்சிக்கோ அதிலும் மயக்கம் கிடையாது. "வெள்ளைக்காரி மேசையில விரிக்க நம்ம கண்ணு கெட்டுது. ஆனா நான் யாருகிட்டயும் கை நீட்டல" என்பாள்.

கை நீட்டாதது மட்டுமல்ல, கொடுத்தாலும் வாங்கமாட்டாள். மெல்பர்னிலிருந்து நான் பணம் அனுப்பினால் அது என் பேரில் கோயில் காணிக்கையாகி, ரசீது தபாலில் வந்து சேரும். கூட ஒரு வரிகூட இருக்காது. நான் புறப்பட்ட அன்று அவள் சொன்ன புத்தியும் கோயில் புத்திதான்: "எய்யா, அங்க கோயில் உண்டுமா? போனா முன் வரிசையில உக்காராத. பிரசங்கம் நீண்டா எந்திரிச்சி வர முடியாது."

அவளுக்கு இடம் பெண்கள் பக்கத்துத் தூணோரம். முதல் மணிக்கே வந்துவிடுவாள். 1847ல் தொடங்கி 1880ல் முடிந்த கோயில் அது. கொடைக்கானலில் 1891ல் கண்மூடிய கால்டுவெல்லைக் கொண்டுவந்து அடக்கம் செய்ததும் அதற்குள்ளேதான். பிந்தி வருகிறவர்களிடம், "முப்பத்துமூணு வருசம் கட்டுன கோயிலுக்கு மூணு நிமிசம் முந்தி வந்தா கொறஞ்சா போயிருவ?" என்பாள். பாமாலைகள் புத்தகம் பார்க்காமல் வரும். ராகம் தப்பினால் போதகர் ஐயர் என்றும் பார்க்காமல் சத்தத்தைக் கூட்டிச் சரியான ராகத்துக்கு இழுத்துவிடுவாள். கோயிலுக்குள் டிரம்ஸ் வந்தபோது ஆச்சி கொதிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். தாளம் நல்லாத்தானே இருக்கு என்றுவிட்டாள். அவளுக்குப் பகை ஒலிபெருக்கிதான்.

அறுப்பின் பண்டிகை ஏலம்தான் அவள் அரங்கம். சபையார் கொண்டுவரும் முட்டை, சேவல், பூசணி, கருப்பட்டி எல்லாம் ஏலத்துக்கு வரும். ஆச்சி ஒரு முழம் லேஸ் வைப்பாள். எங்கள் திருச்சபையின் திருமண்டலத் தேர்தல் எப்படிப்பட்டது என்று திருநெல்வேலிப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். தேர்தல் நெருங்கும் வருஷம் இரண்டு அணியும் ஆச்சியின் லேஸை ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்கும். சட்டை போடாத பையன்கள் பெஞ்சில் ஏறி நின்று கத்துவார்கள். விலை எங்கோ போகும். ஆச்சி கையைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்ப்பாள். பணம் கோயிலுக்கு, ஓட்டு தன் இஷ்டத்துக்கு. யாருக்குப் போட்டாள் என்று கடைசிவரை வாய்விட்டதில்லை.

வயசு கேட்டால், "சி.எஸ்.ஐ. ஆனப்ப எனக்கு லேஸ் அத்துபடி" என்பாள். 1947 செப்டம்பர். மற்ற ஊரார் அந்த வருஷத்தைச் சுதந்திரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் கிழவிகளுக்குச் சபைகள் ஒன்றுசேர்ந்து சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபையான கணக்கு. ஞானஸ்நானப் பதிவேட்டின்படி போகும்போது வயது 93. முந்தின வாரம்வரை கோயிலுக்கு நடந்தே வந்தாளாம்.

கல்லறையில் பேரும் வருஷமும் தவிர வேறு எழுத்தில்லை. வசனம் போடக் கேட்டதற்கு, எழுத்துக்கு இத்தனை என்று கூலி கேட்கிறான் என்று முன்பே மறுத்துவிட்டாளாம். பெட்டிக்கும் குழிக்கும், துக்கத்துக்கு வருகிறவர்களின் காப்பிக்கும் தனித்தனியாகக் காசு முடிந்துவைத்திருந்ததைப் பொருளாளர் அண்ணாச்சி சொன்னார். கோயில் வராந்தாவில் கணக்குப் புத்தகத்தை விரித்தும் காட்டினார். சபைக்கான சங்கக் காணிக்கையை டிசம்பர் வரை கட்டியிருந்தாள், போனது ஆகஸ்டில்.

"நாலு மாசம் கூடுதலா நிக்கி. இத எங்க கொண்டு வைக்கதுன்னு தெரியல" என்றார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேக்கேன்னு தப்பா நெனைக்காதிய. ஆச்சி நம்ம பக்கம்தான போட்டாவ?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.