இரண்டாம் முறை ஏறிய கப்பல்



பயணத்தில் வாய்க்கும் நட்பு பயணத்தோடு முடிந்துவிடும் என்பார்கள். ரயிலில் எதிர் இருக்கையில் அமர்ந்து, கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்டு, முகவரி எழுதி வாங்கிக்கொண்டு இறங்கியவர்களில் எத்தனை பேருக்கு நாம் பின்னர் ஒரு கடிதமேனும் எழுதியிருக்கிறோம்? ஆனால் கப்பல் சிநேகிதம் அப்படிப்பட்டதன்று. நடுக்கடலில் இறங்கிச் செல்ல நிலையமில்லை. ஐந்து நாட்கள் ஒரே அறையில் உறங்கி, ஒரே பந்தியில் உண்டு, ஒருவர் வாந்தியெடுக்கையில் மற்றவர் தலையைத் தாங்கிப் பிடித்த பின்னர், அந்த மனிதர் அந்நியர் என்று யார்தான் சொல்ல இயலும்?

2012 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலேறியபோது எனக்கு அத்தகைய நட்பு இரண்டு வாய்த்தது. ஒருவர் நாகர்கோவிலைச் சேர்ந்த, அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர். எங்களுக்கு அவர் அண்ணாச்சி. மற்றவர் பாலக்காட்டில் துணிக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பத்து நண்பர். அவரை நான் பாய் என்றழைப்பேன். அவர்கள் இருவரும் என்னை ஹஜ்ரத் என்பார்கள். மூவரும் துணைவியருடன் வந்திருந்தோம். நான்கு படுக்கைகள் கொண்ட அறைகள் என்பதால் ஆண்கள் ஓர் அறையிலும், பெண்கள் அடுத்த அறையிலுமாகத் தங்கினோம். அப்போது ஏற்பட்ட உறவு, இரண்டு பெருநாட்களிலும், ஒரு பொங்கலிலும், அண்ணாச்சி மகளின் திருமணத்திலும் வளர்ந்து குடும்ப உறவாகவே ஆகிவிட்டது.

2019 ஜனவரியில் அதே கப்பலில், அதே வழியில் நாங்கள் மீண்டும் சென்றோம். அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

கசந்து போன கணக்கு

அதற்கு முன் ஒன்றை மறைக்காமல் கூறிவிட வேண்டும். 2015ஆம் ஆண்டு பாய் தம் கடையை விரிவாக்குவதற்காக என்னிடம் அறுபதாயிரம் ரூபாய் கடனாகப் பெற்றிருந்தார். மதரஸா ஆசிரியரின் ஊதியம் எவ்வளவு என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அது என் மகளின் கல்லூரிப் படிப்புக்கென ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த பணம். ஓராண்டில் தருவதாகச் சொன்னார். 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்டபோது அவருடைய வியாபாரம் படுத்துவிட்டது. முதலில் தவணை கேட்டார். பிறகு தொலைபேசியில் குரல் சுருங்கியது. பிறகு தொலைபேசியை எடுப்பதே நின்றுவிட்டது. இரண்டு ஆண்டுகள் எங்களுக்குள் ஸலாம்கூட இல்லை.

அண்ணாச்சி ஒன்றும் அறியாதவர் போல எனக்குத் தொலைபேசி செய்தார். "ஹஜ்ரத், காலில் வலு இருக்கும்போதே இன்னொரு தடவை அந்தக் கடலைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு எழுபது ஆகிறது. நீங்கள் வரவில்லையென்றால் நானும் போவதாயில்லை" என்றார். லட்சத்தீவுக்கு நினைத்தவுடன் போய்விட முடியாது. நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும். காவல் நிலையச் சான்றிதழுக்கு அலைந்து, விண்ணப்பம் அனுப்பி, ஒருவாறு கொச்சித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் பாய் உட்கார்ந்திருக்கிறார்! அவர் முகம் என்னைக் கண்டதும் வெளுத்தது. என் முகம் எப்படியிருந்ததோ, நான் அறியேன்.

தீவுகளின் வரவேற்பு

கப்பல் ஏறத்தாழ எழுநூறு பேரை ஏற்றிச் செல்லக்கூடியது. நம்மைப் போன்ற சுற்றுலாப் பயணிகள் அதில் ஒரு பகுதியினரே. தீவு மக்களுக்கு அதுதான் பேருந்து, அதுதான் மருத்துவ ஊர்தி. கொச்சியில் சிகிச்சை முடித்துத் திரும்பும் நோயாளிகள், விடுமுறைக்குச் செல்லும் கல்லூரி மாணவர்கள், காய்கறிக் கூடைகளுடன் தாய்மார்கள் எனக் கீழ்த்தளம் நிறைந்திருந்தது. நமக்கு உல்லாசமாயிருப்பது பிறருக்கு வாழ்வாதாரமாயிருக்கிறது என்னும் நினைவு அங்கே நடக்கும்போதெல்லாம் வரும்.

அரபிக்கடலில் 36 தீவுகள். அனைத்தையும் சேர்த்தாலும் பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை அறுபத்து நாலாயிரத்தைச் சற்றே தாண்டும். அவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேருக்கு மேல் முஸ்லிம்கள். கொச்சியிலிருந்து 404 கிலோமீட்டர் கடந்து மறுநாள் காலை தலைநகரான கவரத்தியை அடைந்தோம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த உஜ்ரா பள்ளியின் மரச்செதுக்கு வேலைப்பாடு கொண்ட விதானத்தை 2012இல் மூவரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க நின்றோம். இம்முறை அங்கே ளுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, பாய் தூணுக்கு மறுபுறமாகச் சென்று செருப்பை மாட்டிக்கொண்டார். ஒரே ஸஃப்பில் தோளொட்டித் தொழுத இருவர், வாசற்படியில் ஒருவரையொருவர் தவிர்க்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள்! மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடங்களெல்லாம் அப்போது என்னையே திரும்பிப் பார்த்தன.

மறுநாள் கல்பேனி. பெரும்பாலான தீவுகளில் கப்பல் கரையை ஒட்டி நிற்க இயலாது. பவளப்பாறைக்கு வெளியே அது நின்றுவிடும். கீழே அலையில் ஏறி இறங்கும் சிறு படகிற்குள், மாலுமிகள் இரு கைகளையும் பற்றிக்கொள்ள, அவர்கள் சொல்லும் கணத்தில் காலெடுத்து வைக்க வேண்டும். அண்ணாச்சிக்கு முழங்கால் நடுங்கியது. பாய் முன்னதாகவே படகில் இறங்கி நின்று அவரைத் தாங்கிக்கொண்டார். கிழக்குக் கரையில், 1847ஆம் ஆண்டுப் புயல் கடலடியிலிருந்து வாரி எறிந்த பவளக்கற்கள் மலைபோல் கிடக்கின்றன. மேற்கே பார்த்தால் பச்சையும் நீலமுமாய்க் காயல். இரண்டுக்கும் நடுவில் தென்னை அடர்ந்த ஒரு மண் கீற்று. அதன்மேல் மனித வாழ்க்கை!

வரலாறு படித்தவன் என்ற முறையில் என்னை வியக்க வைத்தது தீவினரின் சொத்துரிமை. தாய்வழியாக வரும் குடும்பச் சொத்தை அவர்கள் வெள்ளியாழ்ச்சைச் சொத்து என்பர். தானே ஈட்டிய சொத்து திங்களாழ்ச்சைச் சொத்து. முன்னது தனி ஒருவர் விருப்பத்துக்குரியதன்று, குடும்பம் முழுவதற்கும் பொது. எது என்னுடையது, எது நம்முடையது என்பதை வாரத்தின் இரண்டு நாட்களைக் கொண்டு பிரித்து வைத்திருக்கும் அழகைப் பாருங்கள்.

கண்ணாடி அடித்தளப் படகில் ஏறியபோது மற்றோர் அதிர்ச்சி காத்திருந்தது. 2012இல் நாங்கள் பார்த்த இடங்களில் பழுப்பும் ஊதாவும் மஞ்சளுமாய்ப் பவளங்கள் பூத்திருந்தன. இப்போது பல இடங்களில் சாம்பல் நிறச் சிதைவுகள்தாம். 2016இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியதால் பவளங்கள் வெளுத்ததைப் படகோட்டி விளக்கினார். பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசியை, வெம்மை தாளாமல் பவளமே வெளியேற்றி விடுகிறதாம். பாசி போனால் நிறமும் போகும், உணவும் போகும். பாசி திரும்பி வந்தால் பவளம் பிழைக்கும், வராவிட்டால் மடியும். "சில இடத்தில் புதுசு வருகிறது. ஆனால் அவசரப்பட்டால் நடக்காது" என்று அவர் தம் மலையாளத்தில் சொன்னார். பாய் அந்தக் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. நானும்தான். (2024இலும் அத்தீவுகளில் கடுமையான வெளுப்பு நேர்ந்ததை நாளிதழில் படித்தபோது எனக்கு அந்தப் படகோட்டியின் நினைவே வந்தது.)

ஒன்பது பாகைக் கால்வாயில்

கல்பேனியிலிருந்து மினிக்காய்க்குச் செல்லும் வழியில் ஒன்பது பாகைக் கால்வாயைக் கடக்க வேண்டும். அன்றிரவு கப்பல் தொட்டிலாய் ஆடியது. அண்ணாச்சி குறட்டை விட்டு உறங்கினார். மேற்படுக்கையில் பாய் புரண்டு புரண்டு படுத்தார். பின் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் சற்று நேரம் சும்மா படுத்திருந்தேன். இதை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பிறகு எழுந்து, மனைவி கட்டிக் கொடுத்திருந்த உப்பு நார்த்தங்காய்ப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் ஒரு துண்டை நீட்டினேன். வாயிலிட்டுக்கொண்டார். வெகுநேரம் கடலின் ஓசை மட்டுமே. பின்னர் அவர் சொன்னார்:

"ஹஜ்ரத், கடன் கொடுத்தவரைப் பார்க்க எனக்குக் கூச்சம்தான். ஆனால் நான் போனை எடுக்காமல் விட்டதற்கு அது காரணமில்லை. ஒருநாள் அண்ணாச்சி என்னிடம், ‘கடையில் நெருக்கடியாமே, ஹஜ்ரத் பணம் இன்னும் நிற்கிறதாமே’ என்று கேட்டார். நம் இருவருக்குள் இருந்தது மூன்றாமவருக்குத் தெரிந்துவிட்டதே என்று அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை."

வாசகர்களே, என் நாவில் நார்த்தங்காய் உப்புக் கரித்தது. உண்மைதான். மனம் நொந்த ஒரு பொழுதில் அண்ணாச்சியிடம் நான் அதைக் கூறியிருந்தேன். இரண்டு ஆண்டுகளாக என்னை அநீதி இழைக்கப்பட்டவனாகவே கருதிவந்தேன். பணத்தைத் தராதவர் அவர். ஆனால் அவருடைய மானத்தைக் கைமாற்றியவன் நான். கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு அவகாசம் தருக என்று இறைமறை பணிப்பதை மாணவர்களுக்கு எத்தனை முறை ஓதிக் கொடுத்திருப்பேன்! அவகாசம் என்பது நாட்காட்டியில் மட்டும் தருவதன்று, நாவிலும் தர வேண்டியது என்பது அந்த இரவுவரை எனக்கு உறைக்கவில்லை.

"பாய், அது என் பிழை. மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

அவர் சட்டையின் உட்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். பதினையாயிரம் ரூபாய். "இதை உங்களிடம் சேர்க்கச் சொல்லி அண்ணாச்சியிடம் கொடுக்கத்தான் கொச்சிக்குக் கொண்டு வந்தேன். நீங்கள் வருவீர்கள் என்று அவர் சொல்லவேயில்லை" என்றார்.

‘வைத்துக்கொள்ளுங்கள் பாய்’ என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னதாக எழுதினால் இக்கட்டுரை இன்னும் அழகாயிருக்கும். ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை. என் மகள் அப்போது கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த உறையை வாங்கிக்கொண்டேன். மீதிக்கு நாள் குறிக்க வேண்டாம், முடியும்போது தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அதை வாங்கிக்கொண்டதுதான் அவருக்கும் ஆறுதலாயிருந்தது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருந்தால் அவர் தலையை நிமிர்த்தியிருக்க மாட்டார்.

மினிக்காய்க் காலை

பிறை வடிவான மினிக்காய் மற்றத் தீவுகளிலிருந்து மொழியாலேயே வேறுபட்டது. அங்கே பேசுவது மாலத்தீவின் மொழியோடு உறவுடைய மஹல். உலகக் கப்பல்கள் பலவற்றில் அத்தீவின் ஆண்கள் மாலுமிகளாகப் பணி செய்கிறார்கள். 1885இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கில் ஏறி நின்றால் தீவு முழுவதும் உள்ளங்கை ரேகையாய்த் தெரியும். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசி இருக்கிறதல்லவா, அதன் தாயகங்களுள் இதுவும் ஒன்று. சூரை மீனை அவித்து, புகையூட்டி, மரக்கட்டையாய் இறுகும்வரை உலர்த்துகிறார்கள்.

1340களில் மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதாவும், அங்கிருந்து புறப்பட்டபின் தம் மகனைக் காண ஒருமுறை அத்தீவுகளுக்குத் திரும்பி வந்தார். இரண்டாம் முறை கடலேறுகிறவன் புதிய நிலத்தைத் தேடிப் போவதில்லை. விட்டு வந்த மனிதரைத் தேடியே போகிறான் போலும்.

நாங்கள் மாசி வாங்கிக்கொண்டிருந்தபோது பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். காரணம் கேட்டேன். என் மனைவி சாவதானமாகச் சொன்னாள்: "நீங்கள் இருவரும் பேசாதிருந்த இரண்டு வருடமும் நாங்கள் வாரந்தோறும் பேசிக்கொண்டுதான் இருந்தோம். அவர்கள் கடையில் விற்பனை எப்படி என்று எனக்கு மாதாமாதம் தெரியும். இந்தப் பயணத்துக்கு நாள் குறித்ததே நாங்கள் மூவர்தாம்." அண்ணாச்சியோ, கலங்கரை விளக்கின் உச்சியை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்துகொண்டிருந்தார்!

கொரோனாக் காலம் பாயின் கடையை மேலும் ஒருமுறை சோதித்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக்குள் மீதித் தொகை சிறிது சிறிதாக வந்து சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இடையில் ஒருமுறைகூட நான் நினைவூட்டவில்லை. அவரும் ஒருமுறைகூட என் தொலைபேசியை எடுக்காமல் விடவில்லை.

நீங்களும் ஒருநாள் கப்பலேறுவீர்கள் என்றால், பெட்டியில் நார்த்தங்காய் மறக்காதீர்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து நாள் குறியுங்கள். அதற்கு முன், நீங்கள் எடுக்காமல் விட்ட தொலைபேசி அழைப்போ, உங்களுக்காக எடுக்கப்படாத அழைப்போ ஒன்று இருக்குமானால், அதை இன்றே ஒருமுறை முயன்று பாருங்கள். எங்களை மீட்டெடுக்க ஒரு கப்பலே தேவைப்பட்டது. உங்களுக்கு அவ்வளவு செலவு ஆகாமலிருக்கட்டும்.