9,500 பவுணுக்கு ஒரு வீடு

லண்டனில் வீடு வாங்கின கதையை எங்கட ஆக்கள் எல்லாரும் சொல்லுவார்கள். ஒரு கலியாண வீட்டுக்குப் போனால் சாப்பாடு முடியுமுன்னம் எத்தனை அறை, எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட, மோர்ட்கேஜ் எத்தனை வருசம் என்று மூன்று வீட்டுக் கதையாவது கேட்கலாம். நானும் ஒரு வீடு வாங்கினேன். 2016ஆம் ஆண்டு, 9,500 பவுண், ஒரு சதமும் கடன் இல்லை. நீளம் 40 அடி, அகலம் 6 அடி 10 அங்குலம். ஆனால் கலியாண வீடுகளில் நான் அதைப்பற்றி வாய் திறக்கிறதில்லை. ஏனென்றால் அது வள்ளம். வள்ளத்தில் இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி ஊரில் எந்தப் பக்கம் என்று வரும். அது என்ன கேள்வி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மயிலிட்டிப் பக்கம்தான். மறைக்க ஒன்றுமில்லை.

அல்பேர்ட்டனில் ஈலிங் ரோட்டுக்குப் புடவை எடுக்கவோ மரக்கறி வாங்கவோ போனவர்கள் ஒரு பாலத்தைக் கடந்திருப்பீர்கள். அதுக்குக் கீழே ஓடுவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை. 1801இல் திறந்தது. ஒரு காலத்தில் செங்கல்லும் வைக்கோலும் நிலக்கரியும் அதாலேதான் லண்டனுக்குள் போனது. குதிரை கரையில் நடக்க, கயிற்றில் வள்ளம் பின்னால் இழுபட்டுப் போகும். அந்தக் குதிரைப் பாதையால்தான் நான் இரவு வேலை முடிந்து என்ரை அறைக்கு நடந்து வருவேன். மனுசியும் நானும் 2014இல் பிரிந்த பிறகு ஆறு பேர் இருக்கிற வீட்டில் எனக்கு ஒரு அறை. கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. மாசம் 550 பவுண். மிச்சம் பிடிக்கிற காசில் ஒரு பங்கு ஊரில் அம்மாவுக்கு. நாளைக்கு இந்த வேலை போனால் எங்கே படுக்கிறது என்ற கணக்கைத்தான் அந்தப் பாதையில் ஒவ்வொரு விடியப்புறமும் போட்டுக்கொண்டு நடப்பேன்.

அங்கே கட்டியிருந்த வள்ளங்களில் ஒன்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். அந்த நேரத்திலும் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியில் நிற்பார். முதலில் தலையாட்டினோம், பிறகு கதைத்தோம். அவர்தான் சொன்னது, இதில் இருக்கிற பாதிப்பேர் வாடகை கட்ட ஏலாமல் வந்தவர்கள், படத்தில் காட்டுகிற மாதிரிப் பூச்சாடி வைக்க வந்தவர்கள் இல்லை என்று.

நான் முதலில் பார்த்த வள்ளம் நல்ல வடிவு. பச்சையும் சிவப்பும் அடித்து, கதவில் ரோசாப்பூக் கீறி, உள்ளே திரைச்சீலை எல்லாம் போட்டிருந்தது. 18,000 பவுண் கேட்டார்கள். அரைவாசிக்குக் கடன் வாங்கி எடுத்துவிடலாம் என்று நின்றேன். கிழவர் விடவில்லை. தண்ணிக்கு மேலே தெரிகிறதைப் பார்த்து வள்ளம் வாங்காதே, தண்ணியால் தூக்கிப் பார் என்று ஒரு சர்வேயரைக் காட்டிவிட்டார். தூக்குகூலியும் சர்வேயருக்குமாக 600 பவுண் போனது. அந்த மனிதர் ஒரு சுத்தியலால் இரும்புத் தகட்டைத் தட்டித் தட்டிப் போனார். நல்ல தகடு மணி மாதிரிக் கேட்கும். தின்றுபோன தகடு செத்த சத்தம் போடும். சந்தேகமான இடத்தில் தாரைச் சுரண்டி, ஒலியலையால் தடிப்பு அளக்கிற சின்னக் கருவியை வைப்பார். தண்ணியும் காற்றும் சந்திக்கிற கோட்டில்தான் இரும்பு கூடுதலாகத் தின்னுப்படும். 6 மில்லிமீற்றர் இருக்கவேண்டிய தகடு சில இடத்தில் 2.5 காட்டியது. ரோசாப்பூவுக்கு நேர கீழே.

அவர் தட்டத் தட்ட எனக்கு அப்பாதான் கண்ணுக்குள் நின்றார். அப்பா வள்ளம் கட்டுகிறவர் இல்லை, தொழிலுக்குப் போகிறவர்தான். ஆனால் யாருடைய பழைய வள்ளம் விலைக்கு வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பலகையை விரல் மொளியால் தட்டிப் பார்த்து, இது உழுத்துப்போச்சு, இது பத்து வருசம் ஓடும் என்று சொல்லுவார். பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுகிற கலப்பத்து வேலைக்கு, சின்ன வயசில் நான்தான் நெருப்புக்குக் காவல். 1990 யூனில் ஊரை விட்டு எழும்பினோம். பருத்தித்துறைப் பக்கம் போயும் அப்பா தொழிலை விடவில்லை. 1993இல் ஒரு இரவு கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நேவியோ, காற்றோ, எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் கேட்ட ஒரேயொரு சத்தியம், நீ தண்ணியில் கால் வைக்கக்கூடாது என்பது. நான் பிளேனில்தான் வந்தேன்.

இரண்டாவதாகக் கண்ட வள்ளம் கேட்பாரற்றுக் கிடந்தது. மேலே பாசி, தார்ப்பாய் கிழிந்து தொங்குது, ஓரத்துப் பீலிக்குள் ஒரு மரக்கன்று முளைத்து நிற்குது. 1986இல் கட்டியது. வைத்திருந்தவர் செத்து நாலு வருசம், மகனுக்கு அதில் விருப்பமில்லை. 13,000 கேட்டார். சர்வேயர் தட்டினார். அனேகமான இடம் 5க்கு மேல். பின்பக்கம் இரண்டு கரையிலும் மட்டும் 3.4. பல காப்புறுதிக் கம்பனிகள் 4க்குக் குறைந்தால் கை வைக்காது. நான் அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா மீன் விற்கும்போது பேசுகிற மாதிரிப் பேசி 9,500க்குக் கொண்டுவந்தேன்.

அசிங்கமாக இருந்த வள்ளத்தைக் கெடுத்தது கால்வாய்த் தண்ணி இல்லை. மழைத் தண்ணி. யன்னல் சட்டங்களின் பசை காய்ந்து வெடித்து, மேலாலே வந்த தண்ணி உள்பலகையை உழுக்கப் பண்ணி, தரைக்குக் கீழே போய்த் தேங்கியிருந்தது. தரையைக் கழற்றினால் கீழே பாரத்துக்குப் போட்ட சீமெந்துக் கற்கள், அதுக்குக் கீழே கறுத்தத் தண்ணி. கல்லெல்லாத்தையும் ஒவ்வொன்றாக வெளியே தூக்கி, வாளியால் அள்ளி, இரும்பைக் காயவைத்து, துரு சுரண்டி, பெயின்ற் அடித்து, திரும்ப அதே கல்லை அடுக்கினேன். மூன்று மாசம், வேலையில்லாத நாளெல்லாம் இதுதான். எஞ்சின் பிஎம்சி 1.8 டீசல், பழைய வான்களில் ஓடினது. அதில் பிழையில்லை. தாங்கியில்தான் பிழை. நாலு வருசம் நின்ற டீசலுக்குள் தண்ணி சேர்ந்து கிருமி வளர்ந்து பாகு மாதிரி ஆகியிருந்தது. எடுத்து எறிந்து கழுவினேன்.

பின்பக்கத்துக்கு மேல்தகடு ஒட்ட 2,800 பவுண். வெளியில் வெல்டிங் செய்யும்போது உள்ளே பலகை நெருப்புப் பிடிக்கும். அதால் உள்பலகையைக் கழற்றிவிட்டு நான் வாளித் தண்ணியோடு உள்ளே நின்றேன். தகடு சிவந்து வருகிறதைப் பார்த்துக்கொண்டு, திரும்பவும் நெருப்புக்குக் காவல். எல்லாம் முடிய இரண்டு வருசத்தில் 17,000க்குக் கிட்டப் போய்விட்டது. மலிவு வள்ளம் என்று ஆசைப்படுகிறவர்கள் வாங்குகிற விலை அளவுக்குத் திருத்துகிற காசும் கையில் இருக்கோ என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதல் மாரியில் செத்திருப்பேன். விறகடுப்பை மூட்டிவிட்டுக் குளிர் வருகுது என்று காற்றுத் துவாரங்களில் பழைய சாரத்தைக் கிழித்து அடைத்து வைத்திருந்தேன். கிழவர் உள்ளே வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எல்லாத்தையும் பிடுங்கி எடுத்தார். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே கொண்டுபோய்விடும். அடுத்த நாள் ஒரு அலாரம் வாங்கிக்கொண்டு வந்து தந்தார். 2019 ஏப்ரிலில் இருந்து வள்ளத்தில் அது கட்டாயம் இருக்கவேணும் என்று விதியே வந்துவிட்டது.

விதி என்றவுடன் இன்னொன்று. சொந்தத் தரிப்பிடம் இல்லாத வள்ளம் 14 நாளைக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம். தரிப்பிடத்துக்கு லண்டனில் காசு கட்டினால் நான் திரும்ப அந்த அறைக்கே போகலாம். அதால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கயிற்றை அவிழ்க்கிறேன். அகதிக்கு இது பழக்கமான தொழில்தானே என்று ஒரு கூட்டாளி பகிடி விட்டான். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. எழும்பு என்று துவக்கோடு சொல்வதும், எழும்பு, ஆனால் வீட்டையும் கொண்டு போ என்று சொல்வதும் ஒன்றில்லை. 2024 ஏப்ரிலில் இருந்து எங்களைப் போன்றவர்களுக்கு உரிமக் காசும் கூட. ரொயிலற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிற கதையை நான் இங்கே எழுதவில்லை, சாப்பிடுகிற நேரம் வாசிப்பீர்கள்.

அம்மாவுக்கு நான் சொன்னது ஒரு சின்ன ஃபிளாற் எடுத்திருக்கிறேன் என்று. இரண்டு வருசம் அந்தப் பொய் ஓடியது. போனில் குரல்தானே. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, எங்கட வளவு இன்னும் கம்பிக்கு அங்காலைதான் என்று அழுதா. அதற்குப் பிறகுதான் என்ரை தங்கச்சியின் மகள் அவவுக்கு வீடியோவில் கதைக்கப் பழக்கினது.

2018, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நல்ல வெயில். நான் கட்டிலில் சாய்ந்துகொண்டு கதைக்கிறேன். அம்மா என்ரை முகத்தைப் பார்க்கவில்லை, எனக்கு மேலாலே பார்க்கிறா.

"மோனை, நீ எங்க இருக்கிறாய்?"

"வீட்டிலதான் அம்மா."

"உன்ரை முகட்டில வெளிச்சம் ஆடுது."

நான் திரும்பிப் பார்த்தேன். யன்னலால் வந்த வெயில் தண்ணியில் பட்டு, மேல்பலகையில் வலை விரித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு வருசமாக நான் அதைக் கவனிக்கவேயில்லை. வெளியே ஒரு வள்ளம் போக அது இன்னும் கூடக் குலுங்கியது.

"தண்ணிக்கு மேல இருந்தாத்தான் அப்பிடி ஆடும்" என்றா.

பிறகு மறைக்க ஏலுமோ. எல்லாத்தையும் சொன்னேன். மனுசி போனது, அறை, வாடகை, தகடு, வாளி. அம்மா கன நேரம் ஒன்றும் பேசவில்லை. லைன் அறுந்துபோச்சோ என்று நினைத்தேன்.

"எத்தினை பாகம் ஆழம்?"

"பாகம் இல்லை அம்மா. இடுப்பளவுதான்."

"இடுப்பளவோ?" அவ சிரித்தா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தா. "இடுப்பளவு தண்ணிக்கோ ரெண்டு வருசம் எனக்குப் பொய் சொன்னனீ?"

பிறகு போனைக் கொண்டுபோய் எல்லாத்தையும் காட்டச் சொன்னா. அடுப்பைப் பார்த்தா, எஞ்சினைப் பார்த்தா. வெளியில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துவிட்டு, அந்த முடிச்சு சரியில்லை, அப்பா போடுகிற மாதிரிப் போடு என்று சொன்னா. நான் அவிழ்த்துப் போட்டேன். இன்னொருக்கால் போடச் சொன்னா.

வருகிற சித்திரையில் திரும்ப வள்ளத்தைத் தண்ணியால் எடுத்துத் தார் அடிக்கவேணும். மூன்று வருசம் ஆச்சு. நான் மறந்தாலும் அம்மா விடமாட்டா, மாசியில் இருந்தே கேட்கத் தொடங்கிவிடுவா.