கதவுக்கு ஒரு கொக்கி

ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகிறது. எங்கள் வீட்டுக் கதவுகள் பேச ஆரம்பித்துவிட்டன. முன்பெல்லாம் வீட்டுக்கு மேற்கே தென்னையும் பலாவும் அடர்ந்து நின்று காற்றை வாங்கிக்கொள்ளும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வந்து அத்தனையையும் சாய்த்துவிட்டுப் போனது. கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தால் நாங்கள் இழந்தது ஒன்றுமில்லைதான். ஆனால் அன்றிலிருந்து ஆடிக் காற்று நேராக எங்கள் கூடத்துக்குள்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். பேத்திக்கு நாலு வயது. உள் அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எனக்குப் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தாமலிருக்க அம்மிக்குழவியை வைத்திருந்தோம். எங்கள் அம்மா காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். கதையில் ஏதோ ஒரு இடத்தில் கையை விரித்துக் காட்டுவதற்காக அவள் நிலையை விட்டாள். அந்த நேரம் பார்த்து குழவி உருண்டது. கதவு படாரென்று அடித்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் சிரித்தாள். எனக்குத்தான் கால் நடுங்கி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் அம்மா (என் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவது) அடுப்படியிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “ஏங்க, முப்பத்து மூணு வருசம் கப்பல்ல கதவு பாத்த ஆளு. வீட்டுல ஒரு கதவ நிறுத்த முடியலையா?” என்றார்.

கேள்வி நியாயமானது. 1978-இல் சேர்ந்து 2011-இல் இறங்கினேன். கப்பலில் என் வேலை கார்பெண்டர். பழைய சாரங்குகள் மிஸ்திரி என்பார்கள். நங்கூரம் போடும்போது முன்னால் நிற்பது, தொட்டிகளில் தண்ணீர் எவ்வளவு என்று கோல் விட்டுப் பார்ப்பது இவையெல்லாம் உண்டு. மிச்ச நேரத்தில் பாதி, கதவும் பூட்டும்தான். கரையில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். கதவில் என்ன இருக்கிறது?

வீட்டுக் கதவு காற்று வந்தால்தான் அடிக்கும். கப்பல் கதவுக்குக் காற்றே வேண்டாம். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது கதவு தானாகத் திறக்கும். மறுபக்கம் சாயும்போது தானாக மூடும். இடையில் ஒரு கணம் எதுவும் செய்யாமல் நிற்கும். அந்தக் கணத்தில்தான் மனிதன் நிலையில் கை வைப்பான். வெளி டெக்குக்குப் போகும் இரும்புக் கதவு இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அது விரலைப் பார்த்து அடிப்பதில்லை.

அதனால் கப்பலில் எல்லாரும் கதவை நிறுத்த ஏதாவது ஒரு வித்தை வைத்திருப்பார்கள். ஹவாய் செருப்பைக் கதவுக்கடியில் சொருகுவார்கள். நாலு ஆட்டம் தாங்கும், பிறகு இஞ்சின் அதிர்விலேயே செருப்பு தானாக நடந்து வெளியே வந்துவிடும். மர ஆப்புக்கும் அதே கதி. மணல் வாளி வைத்தால், வாளியும் கதவோடு சேர்ந்து பயணம் போகும். சைக்கிள் டியூப்பை அறுத்துக் கட்டினால் அது இன்னும் மோசம். பெரிய ஆட்டத்துக்கு நன்றாக நீண்டு கொடுத்து, திரும்பும்போது கதவை இன்னும் வேகமாக இழுத்துவரும். எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம், கீல் பக்கத்து இடுக்கில் மரத்துண்டோ துணியோ வைத்து நிறுத்துவது. கதவு அசையாது, உண்மைதான். ஆனால் கதவின் கனம் முழுக்க நெம்புகோல் போலக் கீலின் மேல் இறங்கும். ஒரு வாரத்தில் திருகாணி பிடுங்கிக்கொள்ளும். அதைத் திரும்பப் பொருத்துகிறவன் நான்.

சரியான வழி பழைய வழிதான். பித்தளைக் கொக்கி ஒன்று, வளையம் ஒன்று. கொக்கியைச் சுவரில் அடித்து, வளையத்தைக் கதவில், கீலிலிருந்து எட்டத் தள்ளி, கைப்பிடி ஓரமாக அடிக்க வேண்டும். ஓரத்தில் பிடித்தால் கொக்கிக்குச் சின்ன வேலை. கீலுக்குக் கிட்டத்தில் பிடித்தால் அதே கொக்கி பல மடங்கு இழுவையைத் தாங்க வேண்டிவரும். ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக மாட்ட வேண்டும். அரை அங்குலம் தளர்ந்தாலும் கதவு அந்த அரை அங்குலத்தில் இரவெல்லாம் டக் டக்கென்று அடித்துக்கொண்டு வளையத்தைத் தேய்த்துவிடும்.

பழைய கப்பல்களில் கேபின் கதவுக்கு நீளக் கொக்கி ஒன்றும் இருக்கும். அதை மாட்டினால் கதவு ஒரு சாண் மட்டும் திறந்து நிற்கும். திரையை இழுத்துவிட்டுக்கொண்டால் காற்றும் உண்டு, மறைவும் உண்டு. ஏ.சி. இல்லாத காலத்துச் செங்கடலில் அந்த ஒரு சாண்தான் உயிர். என் முதல் சாரங்கு, வயசாளி, அதற்கு வேறு காரணம் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் டார்பிடோ பட்டால் கப்பலின் சட்டம் கோணி, மூடிய கதவு திறக்கவே திறக்காதாம். அதனால் கப்பல்காரர்கள் கதவைக் கொக்கியில் மாட்டித் திறந்து வைத்துத்தான் தூங்குவார்களாம். போர் முடிந்து முப்பது வருடம் கழித்தும் அவர் அப்படியேதான் தூங்கினார்.

இனி சொல்லப்போவதை இதுவரை எழுதியதில்லை.

1983 ஜூலை. அகாபாவில் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்துகொண்டிருந்தோம். ஏடன் வளைகுடாவை விட்டு வெளியே வந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று வலது விலாவில் பிடித்துக்கொண்டது. அடியில் கனமான சரக்கு இருந்தால் கப்பல் மெதுவாகச் சாய்ந்து எழாது. வெடுக் வெடுக்கென்று ஆடும். உள்ளே ஒரே புழுக்கம். காற்று மறைந்த இடது பக்கத்து டெக் கதவை மட்டும் பகலில் திறந்து வைத்திருந்தோம்.

அந்தக் கதவின் வளையம் தேய்ந்துவிட்டது என்று சாரங்கு எனக்கு இரண்டு நாள் முன்பே சொல்லியிருந்தார். புது வளையம் முன்பக்கத்து ஸ்டோரில் இருந்தது. அந்தக் கடலில் அங்கே போய் வரச் சோம்பல். அதற்குப் பதில் நைலான் கயிற்றால் நாலு சுற்று சுற்றிக் கட்டினேன். பார்ப்பதற்குப் பலமாகத்தான் இருந்தது. நைலான் ஈரத்தில் வழுக்கும், இழுத்தால் நீளும். இது எனக்குத் தெரியாததா?

மறுநாள் காலை, மெஸ்ஸில் வேலை பார்த்த தூத்துக்குடிப் பையன் சாப்பாட்டு மிச்சம் கொட்ட வெளியே போனான். இருபது வயது இருக்கும். ஒரு கையில் வாளி, மறு கை நிலையில். கயிறு எப்போது அவிழ்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. இடது கை மோதிர விரலில் மேல் கணு போயிற்று.

செகண்ட் ஆபீசர்தான் கப்பலில் டாக்டர் மாதிரி. ரேடியோவில் கேட்டுக் கேட்டுக் கட்டுப்போட்டார். கொச்சியில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பதிவேட்டில் ‘கடுமையான கடல், கப்பலின் ஆட்டம்’ என்று எழுதப்பட்டது. யாரும் என்னைக் கேட்கவில்லை. சாரங்கு மட்டும் ஒருமுறை கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அன்று மத்தியானமே முன்பக்கத்து ஸ்டோருக்குப் போனேன். கடல் அப்போதும் அப்படியேதான் இருந்தது. போக முடிந்தது.

அந்தப் பையன் பிறகும் கடலுக்கு வந்தான், சுக்கானி ஆனான். இரண்டு முறை துறைமுகங்களில் பார்த்திருக்கிறேன். “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்று இரண்டு கையையும் கூப்புவான். நான் அவன் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவேன். கயிறு கட்டியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு முறையும் சொல்லவில்லை.

அதற்குப் பிராயச்சித்தம் போலத்தான் அடுத்த பத்து வருடம் கொக்கி அடித்துத் தள்ளினேன். எந்தக் கப்பலில் ஏறினாலும் முதல் வாரம் கதவு கதவாகப் பார்ப்பேன். அந்த வேகத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். ஒரு கப்பலில் ஏ.சி. கெட்டுப்போய், படிக்கட்டு வழியாகக் கீழே காற்று வரட்டும் என்று எல்லாரும் படிக்கட்டுக் கதவுகளைத் தீயணைப்புக் கருவி வைத்து நிறுத்தியிருந்தார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நாலு தளத்திலும் நல்ல பித்தளைக் கொக்கி அடித்துக் கொடுத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். பண்டாரி எனக்குத் தனியாக மீன் வறுத்துக் கொடுத்தார்.

புதிதாக வந்த சீஃப் ஆபீசர் முதல் நாளே என்னைக் கூப்பிட்டார். “மிஸ்திரி, கேபின் கதவு வேற. இது நெருப்புக் கதவு. தானா மூடணும்னுதான் இதுக்கு ஸ்பிரிங் வெச்சிருக்கு. கழட்டிடு” என்றார். சோலாஸ் என்று கப்பல்களுக்கு ஒரு உலகச் சட்டம் உண்டு. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் முதலில் எழுதப்பட்டது, இப்போது நடப்பது 1974-இல் ஆனது. படிக்கட்டு நெருப்புக் கதவில் சாதாரணக் கொக்கி கூடாது என்று அதில் இருக்கிறது. திறந்து நிறுத்த வேண்டுமென்றால் மின்காந்தம் வைக்கலாம். பிரிட்ஜில் பொத்தானை அமுக்கினாலோ மின்சாரம் போனாலோ அது கதவை விட்டுவிட வேண்டும். படிக்கட்டு என்பது புகைக்குப் புகைபோக்கி மாதிரி. கீழே பிடித்த நெருப்பின் புகையை மேலே படுத்திருப்பவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன். மூன்று மாதம் கழித்து ஒரு ராத்திரி சமையல்கட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது. பெரிய நெருப்பில்லை, கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டோம். ஆனால் அந்தத் தளம் முழுக்கக் கரும்புகை, கை நீட்டினால் கை தெரியவில்லை. படிக்கட்டுக் கதவைத் திறந்து மேல் தளத்துக்கு வந்தால் அங்கே காற்று சுத்தமாக இருந்தது. ஆட்கள் பனியனோடு எழுந்து வந்து ‘என்ன சத்தம்?’ என்று கேட்கிறார்கள். கதவில் நான் கொக்கி கழற்றிய திருகாணி ஓட்டைகள் நாலும் அப்படியே இருந்தன.

கப்பல் நெருப்பு என்றால் நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு எம்.வி. சிதம்பரம் ஞாபகம் வரும். பிரான்சில் கட்டிய கப்பல். நம் மாவட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர் அதில்தான் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போய் வந்தார்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து, பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தப் போக்குவரத்தே நின்றது. நான் அப்போது விடுமுறையில் ஊரில் இருந்தேன். அம்மா என் பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, “நீ இனிமே போக வேணாம்டா” என்றார். ஏப்ரலில் அவரே இறக்கிக் கொடுத்தார்.

சென்னையில் மகன் இருக்கும் அடுக்குமாடியிலும் படிக்கட்டுக்கு அப்படிக் கதவு இருக்கிறது. ஒவ்வொரு மாடியிலும் அதற்கு ஒரு பூந்தொட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் நகர்த்தி வைக்கிறேன். மறுநாள் காலையில் தொட்டி பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மகன், “அப்பா, சும்மா இருங்கப்பா” என்கிறான்.

போன வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில், ஒரு கல்யாணத்துக்காகக் கோட்டைப்பட்டினம் போனேன். விசைப்படகுகளெல்லாம் கரையோரம் நின்று மராமத்து நடந்துகொண்டிருந்தது. கல்யாணச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நான் அங்கேதான் போய் நின்றேன். வீல்ஹவுஸ் கதவுகளைப் பார்த்தேன். பழைய வலைக்கயிறு, டயர் துண்டு, ஒரு படகில் வேட்டிக் கிழிசல். ஒரு டிரைவர் தம்பியிடம் கொக்கி விஷயம் சொன்னேன். “பித்தளை வெச்சா ராத்திரில கழட்டிட்டுப் போயிருவாங்கய்யா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட்டு, திருகாணிக்குப் பதில் துளைத்து நட்டு போடச் சொன்னேன். ஓரத்தில் வை, கீல் பக்கம் வைக்காதே என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வந்தேன்.

குழவி உருண்ட மறுநாள் திங்கட்கிழமை, புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் காந்த ஸ்டாப்பரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வீட்டுக்கு அது மோசமில்லை, ஆனால் ஆடிக் காற்றுக்கு எவ்வளவு தாங்கும் என்று சோதித்துப் பார்க்க என்னிடம் வேறு பேத்தி இல்லை. கடைசிக் கடையில் ஒரு பெரியவர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி, ஆறு அங்குலப் பித்தளைக் கொக்கி எடுத்துக் கொடுத்தார். சுவரில் சிமெண்ட் பூச்சோடு நிற்காமல் செங்கல் வரை துளைத்து அடித்தேன். குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். கப்பலில் இடுப்பு உயரத்தில் வைப்போம், ஆடும்போதும் ஒற்றைக் கையால் மாட்டுவதற்காக. வீடு ஆடாது.

வீட்டில் அம்மா அடுப்படிக் கதவுக்கும் ஒன்று கேட்டார். கேஸ் இருக்கும் இடம், அது மூடியே இருக்கட்டும் என்றேன். “கப்பல் சட்டத்த எல்லாம் என் அடுப்படிக்குக் கொண்டு வராதீங்க” என்றார். வாங்கித்தான் தர வேண்டியிருக்கும்.

நேற்று மாலை பேத்தி மறுபடி வந்தாள். கொக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, “தாத்தா, நான் எப்ப மாட்டுறது?” என்றாள். இன்னும் மூணு வருசம் ஆகட்டும் என்றேன். அப்போது எனக்கு எழுபத்தைந்து. குழவி அம்மிக்கே திரும்பிவிட்டது. ராத்திரி அதில்தான் துவையல் அரைத்தார்கள்.